பெயரைக் கேட்கும் ஈட்டி

ஆவுளியா என்கிற கடல்பசுவைத் தீவுக்காரர்கள் ஆண்டுக்கு ஒன்று மட்டும் பிடிக்கலாம். ஆண்டின் கடைசி நாளான இன்று சூரியன் மறைவதற்குள் பிடிக்காவிட்டால் அந்த உரிமை இனி என்றைக்கும் இல்லை. மிக்கேல் படகின் முனையில் ஈட்டியோடு நின்றான். ஈட்டியின் கைப்பிடியில் பூட்டு. ஒவ்வொரு விலங்குக்கும் கரையில் யாரோ ஒருவர் பெயர் வைத்திருந்தார். அதை உரக்கச் சொன்னால்தான் பூட்டு திறந்து ஈட்டி பாயும்.

பத்தடி தள்ளித் தண்ணீர் பிளந்து, சாம்பல் நிற முதுகு தெரிந்தது. படகின் கணினித் திரையில் அதன் பெயர் வந்தது: செலின்.

ஆறு வருடத்துக்கு முன் கடல் கொண்டுபோன அவன் மகளின் பெயர். கடலில் போனவர்களின் பெயரைக் கடலில் சொல்லக் கூடாது என்பது தீவின் கட்டுப்பாடு. மிக்கேல் கரையிலும் சொன்னதில்லை.

"சொல்லுங்க மச்சான், மூச்செடுத்துட்டு முங்கிரும்," என்றான் பின்னால் சுக்கான் பிடித்திருந்த மைத்துனன் அருள்.

"இந்தப் பேர யாருடா வச்சது?"

"அக்காதான். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னுச்சு."

"நான் கொல்லக் கூடாதுன்னா?"

"இல்ல. நீங்க ஒரு தடவையாவது வாயத் தொறந்து கூப்பிடணும்னு."

சூரியன் தண்ணீரைத் தொட்டுவிட்டது. "செலின்," என்றான் மிக்கேல். குரல் எழும்பவில்லை, பூட்டும் திறக்கவில்லை. இரண்டாவது முறை, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான். பூட்டு திறந்துகொண்டது.

அவன் ஈட்டியைப் படகுக்குள் கிடத்தினான். விலங்கு முங்கியது.

"ஊருல என்ன மச்சான் சொல்றது?" என்றான் அருள்.

மிக்கேல் விலங்கு முங்கிய பக்கம் திரும்பினான். இன்னொரு முறை கூப்பிட்டான்.