எழுந்தேற்ற மணி

இன்றைக்குப் பூசையில் எழுந்தேற்ற மணிக்குத் தலை குனிவதில்லை என்று கித்தேரியம்மாள் முடிவு கட்டியிருந்தாள்.

பீடத்தில் சாமியார் அப்பத்தைக் கையில் எடுத்தார். அதை அவர் தலைக்குமேல் தூக்கும்போதுதான் அந்த மணி. பண்ணைக்காட்டுக் கோயிலில் பெண்கள் பக்கம் முழுக்க முழங்காலில் நின்றது.

அவளுக்கு மூளையில் கட்டி. பேச்சு இருக்கும் இடத்தை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. எது கட்டி, எது பேச்சு என்று படத்தில் தெரிந்தால்தான் டாக்டர் தைரியமாகக் கத்தியை எடுப்பார்.

பஸ் ஸ்டாண்டில் மலைவாழைப்பழம் விற்கிறவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். பேச்சு போகுமென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள்.

மதுரையில் இதற்கென்று ஒரு வேக ஸ்கேன். உள்ளே படுத்து மனதுக்குள் பெயர்களைச் சொல்லச் சொல்ல, பேசும் இடம் படத்தில் தெரியுமாம். இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் படம் பாழ்.

வேகத்துக்காக அந்த மெஷின் பாதியை எடுத்துப் பாதியை விட்டுவிடும். விட்டதை நிரப்பிக்கொள்ள, ஆரம்பத்தில் சில நொடி தலையை அளவெடுக்கும். அப்போது கடுகளவு அசைந்தாலும் போச்சு. அப்புறம் மாதா சுரூபம் மாதிரி அசையாமல் கிடந்தாலும் அத்தனை படமும் கலங்கல்தான்.

இரண்டு தடவையும் அவள் தலை அசைந்தது அந்த நேரத்தில்தான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

திரும்பி வருகையில் ஜீப் கோயிலைத் தாண்டும்போது மணி அடித்தது. அவள் தலை தானாகக் குனிந்தது. அப்போதுதான் உறைத்தது. ஸ்கேன் தொடங்குமுன் மெஷினும் கிணிங் என்று ஒரு மணி அடிக்கும்.

சின்ன வயதுப் பழக்கம். மெஷினுக்கும் மரியாதை செய்திருக்கிறாள், பாவி.

மூன்றாவது ஸ்கேன் நாளை மறுநாள். வீட்டில் கரண்டியால் தட்டிப் பழகிப் பார்த்தாள். கரண்டிக்குத் தலை குனியவே இல்லை. அப்புறம் என்னத்தைப் பழகுவது? கோயில் மணியே வேண்டும்.

ஜீப் ஓட்டும் மரியஅந்தோணி, அவள் புருசன், காலையிலேயே சொல்லிவிட்டார்:

“பழகுறதுக்கு ஒனக்குக் கோயில்தான் கெடைச்சுதா? எழுந்தேற்றத்துல நிமுந்து நின்னா பாவம்டி. இந்தச் சோலிக்கு நான் தொணை இல்ல.”

சொன்னவர் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் முழங்காலிட்டுவிட்டார்.

மணி அடித்தது.

கோயில் முழுக்கத் தலைகள் தாழ்ந்தன. அவள் தாடையும் பாதி தூரம் போய்விட்டது. தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இன்னொரு மணி பாக்கி இருந்தது. சாமியார் இரசக் கிண்ணத்தைத் தூக்கும்போது அடிப்பது.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாள். தூணில் காரை பெயர்ந்த இடத்தில் கண்ணை வைத்தாள். மனதுக்குள் பெயர்களை ஓட்டினாள். சிறுமலை, பூவன், ரஸ்தாளி, செவ்வாழை.

கிணிங்.

கழுத்து கெஞ்சியது. விடவில்லை. பக்கத்தில் ஜூலியட் விலாவில் இடித்தாள். விடவில்லை. எல்லாரும் குனிந்திருக்கத் தான் மட்டும் நிமிர்ந்திருப்பது பயமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. மன்னிச்சிரும் ஆண்டவரே, ஆனா பேச்ச விட்டுவையும் என்று வேண்டிக்கொண்டாள்.

மணி அடங்கியது.

அசையாமல் இருந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மெஷினுக்குள்ளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பூசை முடிந்ததும் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாள். அங்கே அவளுக்கு முன்னால் மரியஅந்தோணி நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க எதுக்கு?”

அவர் திரும்பாமலே சொன்னார்:

“நானுந்தான் குனியல. ஒந் தலைய யாராச்சும் பாக்கணும்ல. ரெண்டாவது மணிக்கு அசையல.”

ஊரே பயப்படும் அந்த வாய்க்காரி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.