கோட்டை வாசல் போட்டோ

விரல்கள் மரத்துப் போயிருந்ததால், ஜெரால்ட் போனில் பேசியே டைப் செய்தான்.

“அம்மா, இன்னிக்கு லீவு. ப்ஸ்கோவ்ல பழைய கோட்டைய சுத்திப் பாக்க வந்துகீறேன். உள்ள பெரிய பெரிய சர்ச்சு. உனக்காக ஜெபம் பண்ணேன்.”

கூடவே, பனி மூடிய கோட்டை வாசலில் தான் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவையும் அனுப்பினான்.

சொந்த ஊரான தேர்வாய் கண்டிகையிலிருந்து தங்கை ஜெனிபர் உடனே கூப்பிட்டாள்.

“அண்ணா, சூப்பரா கீது! ரஷ்யாவுல சூப்பர்வைசர் சார் டூர் போயிட்டாருன்னு தெரு பூரா காட்டிட்டேன்.”

“அம்மா இன்னா சொல்லுது?”

“ஒண்ணும் பேசல. போட்டோவப் பெருசாக்கிப் பாத்துக்கினே கீது. உன் மூஞ்சியக்கூடப் பாக்கல, தரையத்தான் பாக்குது.”

ஜெரால்ட் போனை வைக்கப் பார்த்தான். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள்.

“சாப்டியாடா?”

“சாப்டேம்மா.”

“ஜெனி, நீ போயி தண்ணி புடி.”

ஜெனிபர் போனதும் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அந்த ஐஸ்ல தொடப்பம் போன தடம் பூரா எடக்கைப் பக்கமா வளைஞ்சிகீது. எடக்கைப் பழக்கம் உனக்குத்தான். பெருக்குனது நீதானேடா?”

ஜெரால்ட் சுவரில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தைப் பார்த்தான்.

“காத்து போற பக்கமாவே தள்ளு கண்ணு. எதிர்காத்துல தள்ளுனா இடுப்பு புட்டுக்கும்” என்றாள், இருபது வருடமாகக் கம்பெனி வாசல் பெருக்கி அவனை டிப்ளமா படிக்கவைத்த ஆரோக்கியமேரி.