சி பிளாக் வாய் திறந்தது

அரசு நிவாரணம் வேண்டுமென்றால் குடியிருப்பவர்கள் அழுதால் போதாது. கட்டடமே வாயைத் திறந்து தன் குறையைச் சொல்ல வேண்டும். சென்னைக்கு வெளியே, மலிவு விலை வீடுகள் அடுக்கிய சி பிளாக்கோ, அதிகாரி பெனிட்டா கேட்டதும் லிஃப்ட் ஸ்பீக்கரில் குழைந்தது.

“எனக்கென்ன மேடம், நல்லாத்தான் இருக்கேன். வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கிறீங்களா?”

சங்கச் செயலாளர் மங்கையர்க்கரசிக்குப் பகீரென்றது. பழுதுபார்க்க நிவாரணம் வராவிட்டால் எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

“பொய் சொல்லுது மேடம்!”

“அதுவா சொன்னாத்தாம்மா நான் பதிய முடியும். யாரைப் பார்த்துப் பேசக் கத்துக்கிச்சு இது?”

மங்கையர்க்கரசிக்குச் சுருக்கென்றது. ஓசூரிலிருந்து மகள் போன் செய்து எப்படியிருக்கிறாய் என்று கேட்கும்போதெல்லாம் இவள் சொல்கிற பதில்தான் அது. இத்தனை வருடமாகச் சுவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

அவள் சுவரில் கையை வைத்தாள்.

“சரி, மொதல்ல நான் சொல்லிடறேன். எனக்கு முட்டி வலி உயிர் போகுது. நாலு எட்டு நடக்க முடியல. மக கவலைப்படுவான்னு மறைச்சுட்டேன். இப்ப நீ சொல்லு.”

லிஃப்ட் ஸ்பீக்கர் மெல்லக் கரகரத்தது.

“சொன்னா எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிர மாட்டீங்களே?”

“எங்கடா போவோம் கண்ணு?”

“கீழ்த் தூணெல்லாம் விரிசல்மா. உங்களையெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்க முடியல.”

பெனிட்டா பதிந்துகொண்டார். மங்கையர்க்கரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓசூருக்குப் போன் போட்டாள்.