ஒன்பதாவது மாடி நாற்காலி

"ஆன்ட்டி, இங்க இருந்த நாற்காலி எங்க?"

சுரேந்தரின் குரலிலேயே கோபம். சிங்கப்பூரின் மார்சிலிங்கில், அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடித் தாழ்வாரம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கறிவேப்பிலைத் தொட்டி இல்லை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் இல்லை.

விடுமுறை நாளானால் ஃபேரர் பார்க்கிலிருந்து ரயில் ஏறி, சந்தடியில்லாத குடியிருப்புப் பேட்டைகளாகத் தேடிப் போய்ப் படமெடுப்பவன் அவன். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் மெரினா பே பக்கம் கேமராவைத் திருப்பக்கூட மாட்டான். கழியில் காயும் சட்டையிலும் வாழ்க்கை இருக்கிறது என்பான். போன மாதம் இந்த நாற்காலியைப் படமெடுத்திருந்தான். காலை வெயிலில் இன்னொன்று எடுக்கலாம் என்று வந்திருக்கிறான்.

அவன் கழுத்தில் தொங்கிய கேமராவை அந்த வாசல் வீட்டுப் பஞ்சவர்ணம் ஒரு தடவை பார்த்தார்.

"கட்டடத்தைப் பாத்துக்கற ஆபீஸ்லேருந்து நோட்டீஸ் வந்துச்சு தம்பி. காரிடார்ல சாமான் வைக்கக்கூடாதாம். உள்ள எடுத்து வச்சிட்டேன்."

"ஒரு நாற்காலி யாருக்கு என்ன இடைஞ்சல்?"

"கடைசி வீட்டு மாசிலாமணிக்காகப் போட்டது லா. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். லிஃப்ட்லேருந்து வீடு வரைக்கும் ஒரேயடியா நடக்க முடியாது. பாதியில உக்காந்து போவார்."

லிஃப்ட் திறந்தது. மாசிலாமணிதான். சுவரைப் பிடித்துக்கொண்டே பத்தடி வந்தவர், முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சவர்ணம் உள்ளே ஓடி நாற்காலியை இழுத்து வந்தார். "இன்னிக்கு நான் இருக்கேன். வேலைக்குப் போற நாள்ல இவருக்குத் தரைதான்."

இருவருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள்.

"எந்தப் பாவி புகார் பண்ணான் ஆன்ட்டி? அடுத்தவங்க வாசலை எட்டிப் பார்க்கறதே சிலருக்குப் பொழப்பு."

"விடுங்க தம்பி. தெரியாம செஞ்சிருப்பாங்க."

"தெரியலைன்னா கேக்கணும்ல? வாய் இல்லையா? கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவான்?"

"போனது போகட்டும். காப்பி குடிக்கிறீங்களா?"

"காப்பியெல்லாம் வேணாம். அந்த நோட்டீஸைக் குடுங்க. இன்னிக்கே ஃபேஸ்புக்ல போட்டு அவன் மானத்தை வாங்குறேன்."

"வேணாம் தம்பி, சொன்னா கேளுங்க."

"இவரை இப்படிப் பார்த்துட்டு எப்படி ஆன்ட்டி சும்மா போறது? குடுங்க."

பஞ்சவர்ணம் பெருமூச்சு விட்டார். உள்ளே போய் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

நோட்டீஸின் கீழே ஆதாரமாக ஒரு படம் அச்சாகியிருந்தது. சுரேந்தர் ஃபேஸ்புக்கில் போட்ட அதே படம். புளோக் எண், மாடி எண், அவன் பெயர் எல்லாம் இருந்தன. படத்துக்கு அவன் எழுதிய வரியும் இருந்தது:

'யாருக்கும் தேவைப்படாத நாற்காலி.'