தேதி போட்ட ஈரம்

ஓட்டுக்கூரை சரிந்து வந்து கைப்பிடிச் சுவரில் முட்டும் இடத்தில்தான் எங்கள் வீட்டைப் பிடித்த சனி இருந்தது. நான்கு முறை பூசியாகிவிட்டது. நான்கு முறையும் கீழே படுக்கையறைச் சுவர் ஊறியது.

கொத்தனாருக்கு ஒரு பழக்கம். வரும்போதெல்லாம் ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அன்றைய தேதியை எழுதிவைப்பார். ஈரம் கோட்டைத் தாண்டினால் கசிவு நிற்கவில்லை என்று அர்த்தமாம். ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நான்கு கோடுகள். அவற்றைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்தாம் முறை, சுவரில் பள்ளம் வெட்டித் தகரத்தைச் செருகி, ஓட்டின்மேல் மடித்துவிட்டு இறங்கினார். அறைக்குள் போனால் ஐந்தாவது கோடு ஏற்கெனவே இருந்தது. அவர் கையெழுத்துதான். தேதி மட்டும் வரப்போகும் செவ்வாய்க்கிழமை.

"ஊறப்போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் வேலை செஞ்சீங்களா?" என்று கத்தினேன்.

"பென்சில் இன்னும் காதுலயே இருக்கு சார்."

"ஆமா, சுவரே எழுதிக்கிச்சு," என்றாள் என் மனைவி.

செவ்வாயன்று சுள்ளென்று வெயில். ஈரம் அந்தக் கோடுவரை வந்து, மயிரிழைகூடத் தாண்டாமல் நின்றது.

கொத்தனாரை மறுபடி வரவழைத்தேன். மேலே ஏறிப் பார்த்துவிட்டு அறைக்கு வந்தார். "தகரத்துக்கு அடியில கைய விட்டா தூசிதான் சார் வருது."

திட்ட வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது கோடு சுவரிலிருந்து இறங்கி, என் மனைவியின் தலையணையை வளைத்துக்கொண்டு, மறுபடி சுவரேறியிருந்தது. நாளைய தேதி.