சாவியின் அலறல்

விளக்கு வைத்த பிறகு, கூடத்தில் ஏதோ டமாரென்று மோதி நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆணியில் தொங்கிய கார் சாவி பதறிக் கத்தியது.

"ஐயோ, யாருக்கு அடி?"

"யாருக்குமில்லை அக்கா, ரேஸ் கேம்!" என்று சிரித்தது ஜாய்ஸ்டிக். "மழை, சறுக்கல், நசுங்கின பானட், எல்லாம் அச்சு அசல். ஒரு பட்டனைத் தட்டினால் விபத்தே நடக்காத மாதிரி ஆட்டம் பின்னால் போய்விடும்."

"உயிர் போனாலுமா?"

"எத்தனை தடவை போனாலும்."

அதற்குள், விளையாடிக்கொண்டிருந்த வீட்டுக்காரன் ஜெரோம் எழுந்து வந்து, "இதே வேகத்தில் நிஜமாகவே ஓட்டிப் பார்க்கிறேன்" என்று சாவியை ஆணியிலிருந்து உருவி எடுத்தான்.

"டேய் ஜாய்ஸ்டிக், என் காரில் அந்தப் பட்டன் இல்லையென்று அவரிடம் சொல்லுடா!"

"அவர் சொன்னால் நான் கேட்பேன். நான் சொல்லி அவர் எங்கே கேட்டார்?"

சாவியின் அலறல் வாசற்கதவின் தாழ்ப்பாளுக்குக் கேட்டுவிட்டது. ஜெரோம் கை வைப்பதற்குள் அது தானாகவே நகர்ந்து, கதவை உள்ளிருந்து இறுகத் தாழிட்டது.