கலாநிதிக்கு இடமில்லை

செப்டெம்பர் ஒன்பதாம் திகதி, யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் மூன்றாம் பக்கத்தில் ஜனாதிபதி வேட்பாளர்களின் தகுதிகள் ஆளுக்கொரு பெட்டியாக வெளிவந்தன. அதற்கு முதல் நாள் அவற்றை எழுதிய துணை ஆசிரியர் தவநேசன், வேட்பாளர் யசோமதி ஆய்வு செய்து பெற்ற கலாநிதிப் பட்டத்தை மட்டும் அடித்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் அவருடன் படித்தவள். பொருளியலுக்கான தங்கப் பதக்கம் இரண்டே புள்ளிகளால் அவளிடம் போனது. முப்பது வருடமாகியும் அவருக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“அண்ணை, இவவின்ர கலாநிதியைக் காணேல்லையே?” என்றாள் பக்கம் அமைக்கும் சுகிர்தா.

“பெட்டியில இடமில்லைப் பிள்ளை.”

“மற்ற வேட்பாளர் பள்ளிக்கூடத்தில மரதன் ஓட்டம் ஓடினதுக்கு மட்டும் இடமிருக்கு!”

“அது சனத்துக்கு விளங்கும்.”

பத்திரிகை வந்த காலையில் யசோமதியே அழைத்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து, தவநேசன் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

“தவம், படம் நல்லா வந்திருக்கு. அம்மா வெட்டி வச்சிட்டா,” என்று சிரித்தாள். பட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. “நீ இப்பவும் அங்கதான் துணை ஆசிரியரோ?”

“ஓம்,” என்றார்.

விடுபட்ட பட்டத்துக்கான திருத்தத்தை அவரே எழுதினார். வாக்களிப்புக்கு மறுநாள், பதினோராம் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே அது இரண்டு வரிகளில் வெளிவந்தது.